கிண்ணியாத் துறையில் நட்ட வாசல்நிலை

சென்ற மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். மாலை, பேச்சு, ஒரு சுவர்க்கடிகாரம், பிறகு தேநீரும் பற்றிசும். கூட்டம் கலைகிற நேரத்தில், எங்கள் கொம்பனிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியியலாளர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் அமர்ந்தார். இப்போது வாங்கியிருக்கும் பெரிய கிரேன் காலையில் தொடங்கினால் மாலைக்குள் ஒரு வீட்டுச் சுவர்கள் முழுவதையும் நிறுத்திவிடுகிறதாம். வேலை சுலபம், சனத்தோடுதான் சிக்கல் என்றார். வீட்டுக்காரர்கள் வாசல்நிலை வைக்கும் சடங்குக்கு நாள் பார்த்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நிலையோ எங்கள் முற்றத்திலேயே சுவரோடு சேர்த்து வார்த்து முடிந்துவிடுகிறது. "உங்கட காலத்தில இதுக்கு என்ன செய்தனீங்கள், ஓவசியர் ஐயா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர் மரியாதையாகக் காத்திருந்தார். சிரிப்பு அடங்குவதாக இல்லை. எழுதித் தருகிறேன் தம்பி என்று சொல்லி அனுப்பினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய கதை நீளமானதல்ல. வெள்ளைக்காரக் கடற்படை எங்கள் பட்டினத்துத் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு, அவர்களுடைய பழைய பண்டகசாலை ஒன்றை எங்கள் கொம்பனி குத்தகைக்கு எடுத்தது. அங்கே வேலையாட்களின் வரவு பதிகிறவனாகச் சேர்ந்தேன். மேசன்மாருக்குப் பக்கத்தில் நின்று நின்று மட்டம் பார்க்கவும் தூக்குக்குண்டு பிடிக்கவும் பழகி, சோதனை எழுதி, ஓவசியரானேன். எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்வது எனக்குப் பிறவிக்குணம். ஆணிகளைக்கூட நீளவாரியாகத் தகரப்பேணிகளில் பிரித்து வைத்திருப்பேன். வேலையாட்கள் அதைப் பகிடி பண்ணுவார்கள். ஆணி வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

எழுபதுகளின் முன்பகுதியில் நிலாவெளிக் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கின. மாவட்டத்து மேசன்மார் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். ஊருக்குள் ஒரு குசினிச் சுவர் எழுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் கொம்பனி சுவர்களைத் தரையில் படுக்கையாக வார்த்து, லொறியில் கொண்டுபோய், நிமிர்த்தி வைக்கும் முறைக்கு மாறியது.

அதற்கு முதலில் சீமெந்துத் தரையில் மரச்சட்டங்களால் அச்சு அடிப்போம். அச்சுக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவோம், இல்லாவிட்டால் சுவர் தரையை விட்டு வராது. இரும்பு வலையை விரித்து, கதவு நிலையையும் யன்னல் சட்டத்தையும் அதனதன் இடத்தில் படுக்கவைத்து, தூக்குகிற கொளுக்கிகளைக் கட்டி, கொங்கிறீற்றை ஊற்றி மட்டப்படுத்துவோம். பிறகு ஈரச்சாக்கு போட்டு, காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். முற்றம் முழுக்க வரிசையாகப் படுத்திருக்கும் அந்தச் சுவர்களுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அப்பளம். பெரிய அப்பளம், யன்னல் அப்பளம், வாசல் அப்பளம்.

தூக்குவதற்கு அப்போது கிரேன் இல்லை. மூன்று நீண்ட இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டிய ஒரு முக்காலி. உச்சியிலிருந்து தொங்கும் சங்கிலிக் கப்பி. முற்றத்தில் சுவரை லொறிக்கு ஏற்றுவதும் அதுதான், வீடு எழும்புகிற வளவில் இறக்குவதும் அதுதான். ஆகவே சுவர் போகிற லொறியிலேயே முக்காலியும் போய்வரும். வந்ததும் அதன் மூன்று கால்களிலும் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவித் துடைத்து வைக்கவேண்டும் என்பது நான் போட்ட சட்டம். மண் காய்ந்த காலோடு சீமெந்துத் தரையில் நிறுத்தினால் முக்காலி வழுக்கும். சங்கிலி இழுக்கிற செல்லத்துரை அந்தச் சட்டத்தை மதித்ததே இல்லை. கேட்டால், நாளைக்கும் அது மண்ணில்தானே நிற்கப்போகிறது என்பான்.

எங்கள் மேலதிகாரி அல்பிரட் ஐயா. பட்டினத்துக் கத்தோலிக்கர், உயரமான மெல்லிய மனிதர். பூசைக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையோடு கொங்கிறீற் வார்ப்புக்கு நடுவே நிற்பார்; ஒரு துளி படாது. வார்த்த சுவர் பதமாகிவிட்டதா என்று பார்க்க அவரிடம் இருந்த கருவி அவருடைய வீட்டுத் திறப்பு, வாசலைப் பூட்டுகிற சாவி. அதைக்கொண்டு சுவரில் தட்டுவார், காதை வைப்பார், இன்னோர் இடத்தில் தட்டுவார். "இன்னும் நித்திரை" என்றால் தூக்கக்கூடாது. "எழும்பிட்டுது" என்றால் தூக்கலாம்.

அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. சுவர் தரையை விட்டு எழும்பினால், அது திரும்ப இறங்கி நிற்கும்வரை ஒருவரும் கதைக்கக்கூடாது. அவர் கை மட்டும் கதைக்கும். சுட்டுவிரல் மேலே போனால் தூக்கு. உள்ளங்கை கீழே பார்த்தால் மெதுவாக இறக்கு. சுண்டுவிரலை மட்டும் அசைத்தால் ஒரு மயிரிழை. மூடிய கை என்றால் எல்லாம் அப்படியே நிற்கவேண்டும், மூச்சைத் தவிர. கடைசியில் கையை விரித்து மேலே காட்டுவார். அப்போது கதைக்கலாம். அந்தக் கை விரிந்தவுடன் முற்றத்தில் எழும் இரைச்சலைப் பள்ளிக்கூடம் விட்ட இரைச்சல் என்றுதான் சொல்லவேண்டும்.

ஹோட்டல்களுக்கு வார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் முதல் முதல் குடியிருக்க வீடு கேட்டு வந்தவர் ஆலங்கேணி மயில்வாகனம். வயல்காரர். அவருடைய மூத்த மகள் தவமணி, ஆசிரியை. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். வீடு எழும்பாமல் தாலி ஏறாது. மயில்வாகனத்தார் அத்திவாரம் வெட்டி முடிந்த அன்றே மேசன்மார் நிலாவெளிக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் ஆசிரியர். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தவர் அவருடைய பெரியம்மா, ஈச்சிலம்பற்று பூரணத்தம்மா. ஆவணிக்குள் கலியாணம் நடக்காவிட்டால் வேறு இடத்துப் பேச்சைத் தொடங்கப்போவதாக அவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் தவமணியும் ஒரே ஆசிரியர் கலாசாலையில் படித்தவர்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை எங்கள் முற்றத்துக்கு வந்த அன்று, படுத்துக்கிடந்த சுவர்களுக்கு நடுவே ஓடி ஓடிப் பார்த்து, ஒரு கதவு நிலையின் ஓட்டைக்குள் போய் நின்றுகொண்டு, "அப்பா, இதுக்குள்ளால வந்தா விறாந்தை, அங்கால குசினி" என்று காற்றில் ஒரு வீட்டையே கட்டிக் காட்டியது. தகப்பன் ஓம் சொல்லாமல் என்ன செய்வார்?

பூரணத்தம்மா பிறகு தனியாக வந்தார். அகன்ற உடம்பு, வெற்றிலை வாய், அவசரமே இல்லாத நடை. சுவர் ஒன்றைக் கண்டதும் விரல் முட்டியால் தட்டினார், குனிந்து காதை வைத்தார். மறுபக்கத்தில் அல்பிரட் ஐயா திறப்பால் தட்டிக் காதை வைத்திருந்தார். இருவரும் ஒரே சுவரில் காதை வைத்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். அம்மாதான் முதலில் நிமிர்ந்தார்.

"சத்தம் வெண்கலம் மாதிரித்தான் இருக்கு. நீங்கள் சுவரைப் படுக்கவைச்சுச் செய்யுங்கோ, குத்தவைச்சுச் செய்யுங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. நிலை நல்ல நேரத்தில நிமிர வேணும். பிள்ளையின்ர மண்ணில நிமிர வேணும். அது நடக்கேல்லை எண்டா இது வீடில்லை, பெட்டி. பெட்டிக்கு நான் பெடியனைத் தரமாட்டன்."

அல்பிரட் ஐயா ஒத்துக்கொண்டார். கலியாணத்துக்கு முன்னால் நிலை வைக்கச் சாத்திரியார் கண்டுபிடித்த நல்ல நாள் ஒன்றே ஒன்று. அதிலும் காலையில் ஒரு சின்ன நேரம்.

அந்த நாளுக்கு முதல்நாள் ஆலங்கேணி வளவில் அத்திவாரக் கட்டைகளை இறக்கினோம். மழை பெய்து வளவு சேறாகிக் கிடந்தது. மறுநாள் விடிய வாசல் சுவரை லொறியில் ஏற்றப் போனால், முக்காலியின் மூன்று கால்களும் முழங்கால்வரை கறுத்த சேறு. நான் செல்லத்துரையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். இவ்வளவு நல்ல நாளில் இவ்வளவு ஊத்தைக் காலோடா என்று கேட்டேன். கழுவ நேரமிருக்கவில்லை. பூரணத்தம்மா கலியாணச் சேலை எடுக்கப் பட்டினத்துக்கு வந்தவர், சேலைப் பொதியோடு ஏற்கெனவே லொறியின் முன்னாசனத்தில் ஏறி அமர்ந்துவிட்டார்.

கிண்ணியாத் துறையில் அந்தக் காலத்தில் பாலம் இல்லை. பாதைதான். வெளியூர் வாசகருக்குச் சொல்கிறேன்: பாதை என்பது பலகைத் தளம் போட்ட பெரிய மிதவை. கரைக்குக் கரை கட்டிய கம்பி வடத்தைப் பிடித்து இழுத்து, லொறி, மாட்டுவண்டி, மனிதர் எல்லோரையும் அக்கரை சேர்ப்பார்கள். அன்றைக்கு அதை நடத்தியவர் ஹனீபா காக்கா; காக்கா என்றால் அங்கே அண்ணன். லொறியின் பாரம், சுவரின் பாரம், முக்காலியின் பாரம் எல்லாவற்றையும் நான் முதலே அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். தாங்கும் என்று அவரும் சொல்லியிருந்தார்.

நாங்கள் இருவரும் கணக்கில் எடுக்காதது வேடிக்கை பார்க்கிற சனத்தை. ஒரு வீட்டின் வாசல் முழுசாக லொறியில் போகிறது என்ற கதை துறைக்கு எங்களுக்கு முன்பே போய்விட்டது. கோழிக்கூடையோடு வந்தவர்கள், சைக்கிளோடு வந்தவர்கள், ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் அடுத்த பாதைக்கு நிற்கமாட்டோம் என்று ஏறிவிட்டார்கள். ஹனீபா காக்கா இறங்கச் சொன்னார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவருக்கும் வாசலைப் பார்க்கிற ஆசை, இழுக்கச் சொல்லிவிட்டார்.

வற்று நேரம், துறையில் தண்ணீர் இறங்கியிருந்தது. துறையின் நடுவைத் தாண்டியதும் பாதை ஒருமுறை முனகியது. பிறகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வடத்தை எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

கிண்ணியாக் கரையில் மயில்வாகனத்தார் சால்வையை ஆட்டிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுவது தெரிந்தது. பக்கத்தில் தவமணி, கையில் தேங்காயும் மாவிலையும் வைத்த தட்டத்தோடு, அசையாமல் நின்றது. அவர்கள் எங்களை எதிர்கொள்ள வந்தவர்கள்.

பாரம் குறைய ஆட்கள் இறங்கினால் மிதக்கும் என்றார் ஹனீபா காக்கா. தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் இறங்குவார் யார்? கோழிக்காரர் தன்னை விடச் சைக்கிள்காரர்தான் பாரம் என்றார். சைக்கிள்காரர், பாரம் முழுக்க அந்த அம்மாவோடுதான் என்று வாயெடுத்து, பூரணத்தம்மாவின் பார்வையைக் கண்டு ஆட்டைச் சொன்னதாக மாற்றிக்கொண்டார். எப்படியும் இனிப் பயனில்லை. பாதை இப்போதே மிதந்தாலும் நல்ல நேரத்துக்குள் ஆலங்கேணிக்குப் போய்ச்சேர ஏலாது. நேரம் தப்பினால் நிலை இல்லை. நிலை இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. கரையில் நிற்கும் பிள்ளையை என்னால் பார்க்க முடியவில்லை.

அல்பிரட் ஐயா பாதையின் பலகையைத் திறப்பால் தட்டினார். காதை வைக்கவில்லை, தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "ஓவசியர், முக்காலி எங்களிட்டத்தானே இருக்கு?"

எனக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. விளங்கியதும் காது இரண்டும் சூடாகிவிட்டன. நான் ஒழுங்கான மனிதன். ஆற்றுக்கு நடுவில் வாசல் நிறுத்துவது நான் பழகிய எந்த ஒழுங்கிலும் இல்லை. ஆனாலும் என் கை தன்பாட்டில் முக்காலியின் கட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது.

பூரணத்தம்மா லொறியிலிருந்து இறங்கிவந்தார். "தண்ணியிலயோ நிலை வைக்கிறது?"

ஹனீபா காக்கா ஒரு நீண்ட கழியை எடுத்துப் பாதையின் ஓரத்தால் இறக்கினார். அது தடக்கென்று நின்றது. மேலே தூக்கி நுனியில் ஒட்டிய மணலை அம்மாவின் மூக்குக்கு முன்னால் காட்டினார். "தண்ணி எங்க இரிக்கு தங்கச்சி? பாதை மண்ணுலதான் குந்திட்டிரிக்கு. மிதந்தாத்தான் நீங்க சொல்றது சரி."

சனம் ஓம் ஓம் என்றது. எங்களை மறித்த மணல்திட்டே எங்களுக்குச் சாட்சி சொல்லியது. அக்கரையிலிருந்து ஒரு தோணி வரவழைக்கப்பட்டது. தவமணி தட்டத்தோடு ஏறிவந்து பாதையின் பின்பக்கத்தில் நின்றது. லொறியைச் சற்று முன்னே தள்ளி, அதன் பின்னால் முக்காலியை நிறுத்தினோம். சுவர் இறங்கினால் பாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். ஐயாவின் சுட்டுவிரல் மேலே போனது. செல்லத்துரை சங்கிலியை இழுத்தான். வாசல் அப்பளம் லொறியை விட்டு எழும்பித் துறைக்கு நடுவே தொங்கியது. அதன் நிலைக்குள்ளால் கிண்ணியாக் கரையும் தென்னைகளும் தெரிந்தன.

அந்த நேரம் பார்த்துப் பூரணத்தம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "இது ஆத்து மண். பிள்ளையின்ர மண் எங்க? நான் முற்றத்தில வைச்சே சொன்னனான்..."

அல்பிரட் ஐயா திரும்பிப் பார்க்காமலே கையை மூடினார்.

அம்மாவின் வாய் அப்படியே நின்றது. அவருடைய வாழ்நாளில் ஒருவரும் அவரை அப்படி நிறுத்தியிருக்க மாட்டார்கள். கோழிகள்கூட அடங்கிவிட்டன. சுவர் ஆடாமல் தொங்கியது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி சரியான கேள்வி. பதில் ஒருவரிடமும் இல்லை. இருந்தாலும் சொல்லக்கூடாது.

சங்கிலியைப் பிடித்தபடி செல்லத்துரை என்னைப் பார்த்தான். தாடையால் கீழே காட்டினான். எனக்கு விளங்கவில்லை. கண்ணை உருட்டி, இன்னொருமுறை தாடையை ஆட்டினான். முக்காலியின் கால்கள். முந்தின நாள் ஆலங்கேணி வளவில் நின்ற கால்கள். முழங்கால்வரை காய்ந்துபோன கறுத்த மண்.

நான் கத்தியிருப்பேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் தவமணிக்குக் காட்டினேன். அந்தப் பிள்ளை ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டது. தட்டத்தை வைத்துவிட்டு ஓடிப்போய், குந்தியிருந்து, தன் நகங்களால் மண்ணைச் சுரண்டிக் கை நிறைய எடுத்தது. நேரே மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் கொண்டுபோய் நீட்டியது.

பூரணத்தம்மா ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையில் நொறுக்கினார். மணந்து பார்த்தார். வயல்காரி, மண்ணில் அவரை ஏமாற்ற ஏலாது. தவமணி ஒரு நிலைக்காலின் கீழே தன் மண்ணை வைத்தது. அம்மா மெல்ல நடந்துபோய், பிள்ளையின் கையில் மிஞ்சியிருந்ததை வாங்கி, மற்ற நிலைக்காலின் கீழே தானே வைத்தார். ஐயாவின் உள்ளங்கை கீழே பார்த்தது. பிறகு சுண்டுவிரல் அசைந்தது. சுவர் அந்த மண்ணில் அமர்ந்தது, நல்ல நேரத்துக்குள். கை விரிந்தது.

அந்த இரைச்சல் பட்டினம்வரை கேட்டிருக்கும். தேங்காய் உடைந்தது, மாவிலை கட்டினார்கள், தவமணி வலது காலை வைத்து வாசலுக்குள்ளால் நடந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான விசர்க்கூத்து தொடங்கியது. அதுவரை இறங்க மறுத்த சனம் முழுக்க, புது வீட்டுக்குள் போகவேண்டுமென்று வரிசையில் நின்றது. கோழிக்காரர் வலது காலை வைத்தார். சைக்கிள்காரர் சைக்கிளின் முன்சில்லை முதலில் வைக்கலாமா என்று கேட்டார். ஆட்டுக்கு எது வலது கால் என்று ஹனீபா காக்கா தீர்ப்புச் சொன்னார். சிலர் பிஸ்மி சொன்னார்கள், சிலர் பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள், ஒரு கிழவி சிலுவை போட்டாள். வாசலைத் தாண்டியவர்கள் லொறி ஓரத்தால் முன்னே போய், நிற்க இடமில்லாமல் தோணியிலும் தண்ணீரிலும் இறங்கினார்கள். தவமணியையும் அந்த நெரிசல் தோணிக்குள் தள்ளிவிட்டது. கடைசிப் பள்ளிக்கூடப் பிள்ளை போனதும் பாதை ஒருமுறை முனகியது. மிதந்துவிட்டது.

பின்பக்கத்தில் வாசலுக்கு வெளியே மிஞ்சி நின்றவர் பூரணத்தம்மா மட்டும். உள்ளே வாருங்கள் அம்மா என்று நான் கூப்பிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் மாப்பிள்ளை வீட்டாள். வீட்டுக்காரி கூப்பிடாமல் எப்படி வாறது?" என்று சொல்லிவிட்டு, ஓரமாக இருந்த கொளுக்கிப் பெட்டியில் அமர்ந்துகொண்டார். அப்படியே, முக்காலியின் சங்கிலி பிடித்திருக்க நிமிர்ந்து நின்ற வாசலோடு, பாதை கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சுவரைத் திரும்ப லொறியில் ஏற்றிக்கொண்டு ஆலங்கேணிக்குப் போனபோது, அம்மா முன்னாசனத்தில் சேலைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தார். நிலையை ஒத்துக்கொண்டார், வீட்டை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி, உங்கள் கேள்விக்கான விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று முதல் எங்கள் முற்றத்தில் வாசல் சுவர் போகிற நாளுக்கு முதல்நாள் மாலை முக்காலியின் கால்களைக் கழுவக்கூடாது. பழைய சட்டத்தின் கீழே நானே எழுதிச் சேர்த்தேன். கிரேனுக்கும் சில்லு இருக்கிறது, சில்லிலும் மண் ஒட்டும்.

வளவில், அத்திவாரக் கட்டைக்கு மேலே சுவர் இறங்கியபோது சனம் இரட்டிப்பாகியிருந்தது. துறையில் ஏறிய ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, ஆடும் வந்திருந்தது. தவமணி இந்த முறை உள்ளே, கூரையில்லாத விறாந்தையில் நின்றது. வெளியே பூரணத்தம்மா. ஐயாவின் சுண்டுவிரல் அசைந்தது, தூக்குக்குண்டு நேராக நின்றது, கை மூடியபடியே இருந்தது. பிறகு விரிந்தது. ஆனால் இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அவர் சுவருக்குக் கிட்டப் போனார். விரல் முட்டியால் தட்டினார். காதை வைக்கவில்லை.

"வீட்டுக்காரப் பிள்ளை," என்றார், "உள்ளுக்கு வரலாமோ?"

"வாங்கோ மாமி," என்றது தவமணி. "காலைக் கழுவாமல் வாங்கோ."